கேஸ் ஏன் குறைந்தது?

போவன்பள்ளி ஐதராபாத் நகரின் வடக்கே இருக்கிறது. செகந்திராபாத்தை ஒட்டிய ஊர். பிரிட்டிஷ்காரர் காலத்தில் பட்டாளத்தோடு பல தமிழ்க் குடும்பங்கள் செகந்திராபாத்துக்கு வந்தன. அவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் இந்தப் பக்கம் வாழ்கிறார்கள். பிழைப்புக்காகப் பிறகு வந்தவர்களும் உண்டு. அவர்களில் கார் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கார் பழுது பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நாக்பூர் போகும் பெரிய சாலை போவன்பள்ளி வழியாகத்தான் போகிறது. லாரி, பஸ், கார் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். அந்த நேரத்தில் காரின் ஏ.சி. சரியாகக் குளிராவிட்டால் என்ன நடக்கும்?

பின்னால் உட்கார்ந்திருக்கும் முதலாளி ஓட்டுநரைத்தான் திட்டுவார். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார். நீ சரியாகப் பார்த்துக் கொள்ளவில்லை" என்பார். ஓட்டுநர் பட்டறைக்கு ஓடுவார். "கேஸ் போடுங்கள்" என்பார். பணம் போகும். சில நாள் குளிரும். பிறகு பழைய கதைதான்.

ஏன் இப்படி நடக்கிறது? கேஸ் உண்மையிலேயே குறைந்ததா? குறைந்தது என்றால் எங்கே போனது? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பணம் மிச்சம். வேலைக்கும் ஆபத்து இல்லை. வாருங்கள், தெரிந்து கொள்வோம்.

மண்பானை சொல்லும் பாடம்

கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்து இருக்கும். ஏன்?

மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் கசியும். கசிந்த தண்ணீர் ஆவியாகும். ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானையில் இருந்தே எடுத்துக் கொள்ளும். அதனால் பானையும் தண்ணீரும் குளிரும்.

ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவுவார். கை ஜில்லென்று இருக்கும். அங்கேயும் இதே காரணம்தான். ஸ்பிரிட் ஆவியாகிறது. நம் தோலின் சூட்டை எடுத்துக் கொண்டு போகிறது.

திரவம் ஆவியானால் குளிர் பிறக்கும். காரின் ஏ.சி.யும் இதைத்தான் செய்கிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பானையில் ஆவியான தண்ணீர் காற்றோடு போய்விடும். தண்ணீர் குறையும். நாம் மறுபடி ஊற்றுவோம். காரில் ஆவியான கேஸ் வெளியே போகாது. குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்.

பெட்ரோல் எரிந்து தீரும். கேஸ் எரிவதும் இல்லை, தீர்வதும் இல்லை. ரப்பர் குழாய்கள் வழியாக ஆண்டுக்குக் கொஞ்சம் கசியலாம். அது மிகக் குறைவு. ஒரே கோடையில் கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். இந்தப் பாடத்தின் உயிர் இதுதான்.

காரில் குளிர் எப்படி வருகிறது?

கார் ஏ.சி.யில் நான்கு முக்கிய பாகங்கள் உண்டு.

1. கம்ப்ரசர். இது என்ஜின் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலான கார்களில் என்ஜின் பெல்ட்தான் இதைச் சுற்றும். இது கேஸை அழுத்தும். அழுத்தினால் கேஸ் சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப் சூடாகிறது அல்லவா? அது போலத்தான்.

2. கண்டென்சர். இது காரின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். வலை போல இருக்கும். சூடான கேஸ் இதற்குள் வரும். வெளிக்காற்று பட்டுச் சூடு தணியும். கேஸ் திரவமாக மாறும். கார் நிற்கும்போது காற்று தர ஃபேன் சுற்றும்.

3. எக்ஸ்பான்ஷன் வால்வு. இது ஒரு சிறிய துளை உள்ள வால்வு. திரவம் இதன் வழியே பீய்ச்சி அடிக்கும். அழுத்தம் சட்டென்று குறையும்.

4. கூலிங் காயில். இது டேஷ்போர்டுக்குள் இருக்கும். அழுத்தம் குறைந்த திரவம் இதற்குள் ஆவியாகும். சுற்றிலும் உள்ள சூட்டை எடுத்துக் கொள்ளும். ப்ளோயர் என்ற காற்றாடி இதன் மேல் காற்றை ஊதும். அந்தக் குளிர்ந்த காற்றுதான் நம் முகத்தில் படுகிறது.

பிறகு கேஸ் மறுபடி கம்ப்ரசருக்குப் போகும். இப்படியே சுற்றும்.

அதாவது, ஏ.சி. புதிதாகக் குளிரை உண்டாக்குவது இல்லை. காருக்குள் இருக்கும் சூட்டை வாரி எடுக்கிறது. கண்டென்சர் வழியாக வெளியே கொட்டுகிறது. வெளியே கொட்டும் வழி அடைபட்டால் உள்ளே குளிர் வராது.

ஏ.சி. போட்ட காருக்கு அடியில் தண்ணீர் சொட்டும். பயப்பட வேண்டாம். காற்றில் உள்ள ஈரம் கூலிங் காயிலில் பட்டுத் தண்ணீராகிறது. சென்னையில் காற்றில் ஈரம் அதிகம். அங்கே நிறையச் சொட்டும். ஐதராபாத் கோடையில் காற்று வறண்டு இருக்கும். இங்கே குறைவாகச் சொட்டும்.

ஓட்டுநரும் உஸ்தாத்தும்

ஐதராபாத்தில் கைதேர்ந்த மெக்கானிக்கை உஸ்தாத் என்று அழைப்பார்கள். நல்ல உஸ்தாத் எப்படி வேலை செய்வார்? ஒரு பேச்சைப் படித்துப் பார்ப்போம். ஓட்டுநர் ஒரு சொகுசுக் காரைக் கொண்டு வந்திருக்கிறார்.

ஓட்டுநர்: சலாம் உஸ்தாத். ஏ.சி. குளிரலை. கேஸ் போட்டுக் கொடுங்க.

உஸ்தாத்: கேஸ் அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதல்ல உட்காரு. கேட்டதுக்குப் பதில் சொல்லு. காத்து வேகமா வருதா?

ஓட்டுநர்: காத்து நல்லா வருது. குளிர்தான் இல்லை.

உஸ்தாத்: எப்பவுமே இல்லையா? சில நேரம் குளிருதா?

ஓட்டுநர்: மேட்சல் ரோட்டுல வேகமாப் போனா குளிருது. போவன்பள்ளி சிக்னல்ல நின்னா சூடாயிடுது.

உஸ்தாத்: கடைசியா எப்போ கேஸ் போட்டீங்க?

ஓட்டுநர்: போன வருஷம் ஒரு தடவை. இந்த வருஷம் ரெண்டு தடவை. வேற பட்டறையில.

உஸ்தாத்: எவ்வளவு போட்டாங்க?

ஓட்டுநர்: தெரியலையே. ஊசி முள்ளைப் பார்த்துப் போட்டாங்க.

உஸ்தாத் பானெட்டைத் திறந்தார். என்ஜினை ஓட விட்டு ஏ.சி. போடச் சொன்னார். கையை உள்ளே விடவில்லை. தள்ளி நின்று பார்த்தார். முன்னால் இரண்டு ஃபேன்கள். ஒன்று சுற்றியது. ஒன்று சுற்றவில்லை.

உஸ்தாத்: பார்த்தியா தம்பி? ரோட்டுல வேகமாப் போனா எதிர்க்காத்து கண்டென்சரைக் குளிர வைக்குது. சிக்னல்ல நின்னா எதிர்க்காத்து இல்லை. ஃபேன்தான் வேலை செய்யணும். ஒரு ஃபேன் செத்துக் கிடக்கு. சூடு எப்படி வெளியே போகும்?

கண்டென்சரிலும் தூசி, பூச்சி, காய்ந்த இலை எல்லாம் அடைத்திருந்தன.

உஸ்தாத்: அந்தச் சீட்டைப் படி. பானெட்டுக்கு அடியில ஒட்டியிருக்கு.

ஓட்டுநர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஆர் 134 ஏ. 650 கிராம்."

உஸ்தாத் ஒரு மிஷினை மாட்டினார். காருக்குள் இருந்த கேஸை உறிஞ்சி எடுத்தார். எடை பார்த்தார். 880 கிராம் இருந்தது.

ஓட்டுநர்: என்ன உஸ்தாத், கேஸ் குறையலையா? அதிகமா இருக்கே!

உஸ்தாத்: ஆமாம். கேஸ் அதிகமானாலும் குளிராது. கண்டென்சர்ல திரவம் நிறைஞ்சு நின்னுடும். சூடு தணிய இடம் இருக்காது. அழுத்தம் ஏறும். கம்ப்ரசர் திணறும். கொஞ்ச நாள் போயிருந்தா கம்ப்ரசரே போயிருக்கும்.

உஸ்தாத் ஃபேன் மோட்டாரை மாற்றினார். கண்டென்சரை மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். பிறகு எடை பார்த்து 650 கிராம் கேஸ் போட்டார். காரை நிற்க வைத்தே ஏ.சி.யை ஓட்டினார். காற்று வரும் வழியில் சிறு தெர்மாமீட்டர் வைத்தார். முன்பு 21 டிகிரி இருந்தது. இப்போது 11 டிகிரி.

மூன்று முறை கேஸ் போட்ட பணம் வீணாகிவிட்டது. குறை ஃபேனில் இருந்தது. யாரும் அங்கே பார்க்கவே இல்லை.

கேஸ் போடும் முன் ஆறு கேள்விகள்

பட்டறைக்குப் போகும் முன் ஓட்டுநரே சிலவற்றைப் பார்த்துக் கொள்ளலாம். கருவி தேவை இல்லை. கண்ணும் காதும் கையும் போதும்.

முதல் கேள்வி: பட்டன் எல்லாம் சரியாக இருக்கிறதா?

வெயிலில் நின்ற காருக்குள் காற்று அனலாக இருக்கும். முதலில் கண்ணாடிகளை இறக்குங்கள். ஓரிரு நிமிடம் சூடு வெளியேறட்டும். பிறகு ஏற்றுங்கள். உள்காற்றே சுற்றும்படி பட்டனை வையுங்கள். அந்தப் பட்டனில் காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி இருக்கும். வெளிக்காற்று வந்தபடி இருந்தால் 40 டிகிரிச் சூடும் உள்ளே வந்தபடி இருக்கும். சொகுசுக் காரில் இடது பக்கம், வலது பக்கம், பின்பக்கம் என்று தனித்தனிப் பட்டன்கள் இருக்கும். முன்னால் 20 என்று வைத்து, பின்னால் 27 என்று இருந்தால் முதலாளிக்கு எப்படிக் குளிரும்?

இரண்டாம் கேள்வி: காற்று வேகமாக வருகிறதா?

காற்றே குறைவாக வந்தால் பில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இது டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். சில சொகுசுக் கார்களில் பானெட்டுக்கு அடியில் இன்னொன்றும் இருக்கும். தூசி அடைத்த பில்டர் காற்றை விடாது. இதை மாற்ற ஆகும் செலவு குறைவு. தூசி மிகுந்த சாலையில் ஓடும் காருக்கு அடிக்கடி மாற்ற வேண்டும்.

மூன்றாம் கேள்வி: முதலில் குளிர்ந்து, போகப் போகக் காற்று குறைகிறதா?

இது கூலிங் காயிலில் ஐஸ் பிடிப்பதன் அடையாளம். ஏ.சி.யை நிறுத்திக் கொஞ்ச நேரம் ப்ளோயரை மட்டும் ஓட்டுங்கள். காற்று மறுபடி வந்தால் சந்தேகம் உறுதியாகும். பில்டர் அடைப்பாக இருக்கலாம். குளிரை அளக்கும் சென்சார் கெட்டிருக்கலாம். பட்டறையில் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

நான்காம் கேள்வி: ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடாகிறதா?

ஃபேனையும் கண்டென்சரையும் பாருங்கள். மேலே படித்தோம் அல்லவா? என்ஜின் சூட்டு முள்ளையும் பாருங்கள். என்ஜின் அளவுக்கு மேல் சூடானால் சொகுசுக் காரின் கம்ப்யூட்டர் தானே ஏ.சி.யை நிறுத்திவிடும். அது என்ஜினைக் காப்பாற்றச் செய்யும் வேலை. அப்போது சரி செய்ய வேண்டியது என்ஜினை.

ஐந்தாம் கேள்வி: ஒரு பக்கம் குளிர், மறு பக்கம் சூடு என்று வருகிறதா?

டேஷ்போர்டுக்குள் சிறு கதவுகள் உண்டு. குளிர்ந்த காற்றையும் சூடான காற்றையும் கலப்பது அவற்றின் வேலை. சிறு மோட்டார்கள் அவற்றைத் திறந்து மூடும். ஒரு மோட்டார் கெட்டால் ஒரு பக்கம் சூடாகும். கேஸ் குறைந்தாலும் சில கார்களில் இப்படி ஆகும். இரண்டையும் சோதிக்க வேண்டும்.

ஆறாம் கேள்வி: எந்த நேரமும் குளிர் குறைவா?

அப்போது கேஸ் குறைந்திருக்கலாம். கம்ப்ரசர் வேலை செய்யாமல் இருக்கலாம். பழைய கார்களில் ஏ.சி. போட்டதும் "டக்" என்று சத்தம் கேட்கும். அது கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டும் சத்தம். பல சொகுசுக் கார்களில் இந்தக் கிளட்ச் கிடையாது. சக்கரம் எப்போதும் சுற்றும். உள்ளே ஒரு வால்வு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. கம்ப்யூட்டர் ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பானெட்டுக்கு அடியில் ஒரு சீட்டு

பெரும்பாலான ஏ.சி. கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் இரண்டு செய்திகள் முக்கியம். ஒன்று, கேஸின் பெயர். மற்றொன்று, கேஸின் எடை.

1990-களின் நடுப்பகுதி வரை வந்த கார்களில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. அதன் பிறகு ஆர்-134ஏ வந்தது. இப்போது புதிய சொகுசுக் கார்கள் பலவற்றில் ஆர்-1234 ஒய்.எஃப். என்ற கேஸ் இருக்கிறது. இதன் விலை மிக அதிகம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக் கூடாது. கலக்கவும் கூடாது.

எடை காருக்குக் கார் மாறும். சிறிய காரில் 400, 500 கிராம் இருக்கலாம். பின்பக்கம் தனி ஏ.சி. உள்ள பெரிய காரில் ஒரு கிலோவைத் தாண்டலாம். ஆகவே "முள்ளைப் பார்த்துப் போடுகிறேன்" என்றால் ஒப்புக் கொள்ள வேண்டாம். தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள்.

அந்தச் சீட்டை நீங்களே படியுங்கள். ஒரு நோட்டில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். பில்லில் எழுதிய கேஸ் பெயரையும் எடையையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

கேஸ் குறைந்திருந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். கேஸோடு சேர்ந்து கொஞ்சம் எண்ணெயும் குழாய்க்குள் ஓடுகிறது. கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கும். குழாய் இணைப்புகளில் பாருங்கள். கண்டென்சரில் கல் பட்ட இடத்தைப் பாருங்கள்.

நல்ல பட்டறையில் நைட்ரஜன் வாயுவை அழுத்தமாக ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். ஓட்டை இருந்தால் குமிழி வரும். ஒளிரும் சாயம் சேர்த்து விளக்கு அடித்தும் பார்ப்பார்கள். ஆக்சிஜனை மட்டும் ஏற்றவே கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

ஓட்டையை அடைத்த பிறகு வாக்குவம் பம்ப் போட வேண்டும். அது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும். அரை மணி நேரமாவது ஓட வேண்டும். பிறகு பம்பை நிறுத்தி முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் நகராமல் நின்றால் ஓட்டை இல்லை என்று நம்பலாம். அதன் பிறகுதான் கேஸ்.

வாக்குவம் போடாமல் ஐந்து நிமிடத்தில் கேஸ் ஏற்றி அனுப்பினால் அது அரைகுறை வேலை. உள்ளே தங்கிய காற்று அழுத்தத்தைக் கூட்டும். ஈரம் வால்வில் ஐஸாகி அடைக்கும்.

உயிருக்கு ஆபத்து வரலாம்

கார் டயரில் காற்று சுமார் 32 பவுண்டு அழுத்தத்தில் இருக்கும். வெயில் நாளில் ஏ.சி.யின் சூடான குழாயில் 250 பவுண்டுக்கு மேலும் போகும். டயரைப் போல ஏழு எட்டு மடங்கு. எனவே இணைப்புகளைத் தெரியாமல் கழற்றக் கூடாது.

ஆர்-134ஏ திரவம் வெளியே வந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரிக் குளிரில் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கையில் பட்டால் தோல் கருகியது போல வெந்துவிடும். கண்ணாடியும் கையுறையும் அவசியம். பட்டறையில் வேலை பழகும் சிறுவர்களிடம் இந்த வேலையைத் தரவே கூடாது.

கேஸ் கசியும் இடத்தில் பீடி, சிகரெட் பிடிக்காதீர்கள். நெருப்பில் பட்டால் கேஸ் நச்சு வாயுவாக மாறும்.

விலை மலிவு என்று சமையல் கேஸ் கலந்ததை வாங்காதீர்கள். அது தீப்பிடிக்கும். போலி கேஸும் உண்டு. 2011-ல் கப்பலில் போகும் குளிர்ப் பெட்டிகளில் யாரோ போலி கேஸைப் போட்டிருந்தார்கள். அது அலுமினியத்தோடு சேர்ந்து வெடித்தது. பழுது பார்த்த தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பேட்டரியில் ஓடும் காரில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் இருக்கும். அவற்றில் உயர் மின்சாரம் ஓடும். தொடாதீர்கள். அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டுமே தொடலாம்.

முதலாளிக்காகக் காத்திருக்கும் ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றி, என்ஜினை ஓட விட்டு, ஏ.சி. போட்டுத் தூங்குவது உண்டு. இது மிகவும் ஆபத்து. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மூடிய ஷெட்டில் இன்னும் ஆபத்து. நிழலில் நிறுத்துங்கள். என்ஜினை நிறுத்துங்கள். கதவைத் திறந்து வைத்து ஓய்வெடுங்கள்.

வெயிலில் நிற்கும் மூடிய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். வெளியே 40 டிகிரி என்றால் ஒரு மணி நேரத்தில் உள்ளே 60 டிகிரியைத் தாண்டலாம்.

சொகுசு எல்லோருக்கும் வருகிறது

அமெரிக்காவில் பேக்கார்டு என்ற கம்பெனி 1940-ம் ஆண்டு மாடல் கார்களில் முதன்முதலாக ஏ.சி. வைத்து விற்றது. அதில் ஏ.சி.யை நிறுத்தப் பட்டன் இல்லை. என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

நம் நாட்டில் நெடுநாள் ஏ.சி. கார் பணக்காரர் பொருளாகவே இருந்தது. 1995-ல் மெர்சிடீஸ் பென்ஸ் கம்பெனி புனேயில் கார் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பிறகு சொகுசுக் கார்கள் பெருகின. இப்போது சிறிய கார்களிலும் ஏ.சி. வந்துவிட்டது.

லாரிக்கும் வருகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. எனவே இந்தப் பாடம் லாரி ஓட்டுநருக்கும் பயன்படும்.

வானத்தில் ஒரு குடை

கேஸை ஏன் காற்றில் விடக் கூடாது? இதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

பூமிக்கு மேலே வெகு உயரத்தில் ஓசோன் என்ற வாயுப் படலம் இருக்கிறது. சூரியனின் கெட்ட கதிர்களை அது தடுக்கிறது. குடை போல நம்மைக் காக்கிறது. பழைய ஆர்-12 கேஸ் அந்தக் குடையை அரித்தது. 1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் இதை எச்சரித்தார்கள். 1995-ல் அவர்களுக்கும் குருட்சன் என்ற விஞ்ஞானிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. ஆர்-12 போன்ற கேஸ்களின் தயாரிப்பை 2008 ஆகஸ்ட் மாதம் நிறுத்தியது. ஆஸ்துமா நோயாளியின் மருந்துக்கு மட்டும் கொஞ்ச காலம் விலக்கு இருந்தது.

ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,400 கிலோ கரியமில வாயு செய்யும் கேட்டைச் செய்யும். 2016-ல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் இத்தகைய கேஸ்களையும் குறைக்க நாடுகள் ஒப்புக் கொண்டன. இந்தியா 2021-ல் அதை ஏற்றது.

ஓட்டையை அடைக்காமல் ஒவ்வொரு கோடையிலும் கேஸ் போடுகிறோம். அந்தக் கேஸ் எல்லாம் வானத்துக்குத்தான் போகிறது. நம் பணமும் அதோடு போகிறது. பூமி இன்னும் சூடாகிறது. அந்த வெயிலில் நிற்பவர் யார்? ஏ.சி. இல்லாத நம் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

நினைவில் வைப்போம்

* கேஸ் தானாகத் தீராது. குறைந்தால் ஓட்டையைத் தேட வேண்டும்.
* கேஸ் அதிகமானாலும் குளிர் குறையும்.
* முதலில் பட்டன், பில்டர், ஃபேன், கண்டென்சர். பிறகுதான் கேஸ்.
* வாக்குவம் போட்ட பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். எடை பார்த்து ஏற்ற வேண்டும்.
* சீட்டைப் படித்து, பில்லோடு ஒப்பிட வேண்டும்.
* பழைய கேஸை மிஷினில் பிடிக்க வேண்டும். காற்றில் விடக் கூடாது.
* மூடிய காரில் என்ஜினை ஓட விட்டுத் தூங்கக் கூடாது.

பயிற்சி

விடை சொல்லுங்கள்:
1. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது?
2. பானைக்கும் கார் ஏ.சி.க்கும் உள்ள வித்தியாசம் என்ன?
3. சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏ.சி. சூடானால் எதைப் பார்க்க வேண்டும்?
4. காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்லதா, குறையா?

கணக்குப் போடுங்கள்:
1. சீட்டில் 650 கிராம் என்று இருக்கிறது. பட்டறையில் 900 கிராம் போட்டார்கள். எத்தனை கிராம் அதிகம்?
2. ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை 3,000 ரூபாய்க்குக் கேஸ் போட்டார். மூன்று ஆண்டில் எவ்வளவு செலவு? ஓட்டையை அடைத்து, கேஸும் போட 5,500 ரூபாய் ஆகும் என்றால் முதல் ஆண்டிலேயே அதைச் செய்திருந்தால் எவ்வளவு மிச்சம்?

செய்து பாருங்கள்:
தெரிந்தவர் கார் ஒன்றின் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். என்ஜின் நின்று ஆறியிருக்க வேண்டும். சீட்டில் உள்ள கேஸ் பெயரையும் எடையையும் நோட்டில் எழுதுங்கள்.

பேசுவோம்:
வாடகைக் கார் ஓட்டுநர் ஏ.சி.யை நிறுத்தினால் பயணி கோபப்படுகிறார். ஏ.சி. போட்டால் பெட்ரோல் செலவு கூடுகிறது. இருவருக்கும் நியாயமான வழி என்ன?